சிபேனலில் பிஹெச்பி அமைப்புகளை மாற்றுவது: பெரிய படம் ஏற மறுக்கும்போது

பாளையங்கோட்டையில் பத்தமடைப் பாய் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்குப் போன மாதம் ஒரு இணையதளம் செய்து கொடுத்தேன். பட்டுப்பாயின் அருமையே அதன் நெருக்கமான நெசவில்தான் இருக்கிறது, கோரை இழை தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடிய வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். சரி என்று, படத்தைச் சுருக்காமல் ஏற்றும்படி ஒரு படிவம் எழுதி வைத்தேன். இரண்டாம் நாளே போன் வந்தது. "தம்பி, படம் ஏற மாட்டேங்கு. பாய் பேரு போட்டாலும் பேரு போடலைன்னுல்லா சொல்லுது."

அவர் சொன்ன அந்தக் கடைசி வரியில்தான் விடை இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை, தளத்தின் நிரல் எழுதப்பட்ட மொழியான பிஹெச்பியின் பதிப்பு. அதை மாற்றும் இடம் சிபேனல், அதாவது ஹோஸ்டிங்காரர் நமக்குத் தரும் நிர்வாகப் பக்கம். சிபேனலில் சாஃப்ட்வேர் பகுதியில் மல்டிபிஹெச்பி மேனேஜர் இருக்கும். சில ஹோஸ்டிங்கில் அதற்குப் பதிலாக செலக்ட் பிஹெச்பி வெர்ஷன் என்று இருக்கும். உங்கள் தளத்தின் பெயருக்கு எதிரே டிக் போட்டு, பதிப்பைத் தேர்ந்து, அப்ளை கொடுங்கள். இன்னும் 7.4 ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. நான் புதுத் தளம் எதற்கும் 8.3க்குக் கீழே போவதில்லை. பதிப்பை முதலில் முடித்துவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: செலக்ட் பிஹெச்பி வெர்ஷன் உள்ள இடங்களில் ஒவ்வொரு பதிப்புக்கும் எக்ஸ்டென்ஷன் (பிஹெச்பியோடு சேரும் கூடுதல் வசதிகள்) பட்டியல் தனி, பதிப்பைப் பிறகு மாற்றினால் டிக் எல்லாம் மறுபடி போட வேண்டியிருக்கும்.

அடுத்து சிபேனலில் மல்டிபிஹெச்பி ஐஎன்ஐ எடிட்டர், பிஹெச்பியின் எல்லைகளை மாற்றும் இடம். திறந்ததும் எந்த இடத்துக்கான அமைப்பு என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் ஹோம் டைரக்டரியை விட்டுவிட்டு உங்கள் தளத்தின் பெயரையே தேர்ந்தெடுங்கள். பேசிக் மோடில் அட்டவணை ஒன்று வரும். தமிழில் படிக்க வசதியாக இங்கே பிரித்து எழுதுகிறேன், திரையில் சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு இருக்கும். அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ் என்பது ஒரு கோப்பின் உச்ச அளவு, பிஹெச்பியின் இயல்பான மதிப்பு 2 எம்பி. இன்றைய போன் படம் பெரும்பாலும் அதற்குள் அடங்காது. அதை 16 ஆக்கினேன், வீட்டில் ஒரு படம் ஏற்றிப் பார்த்தேன், போனது, வேலை முடிந்தது என்று எடுத்து வைத்துவிட்டேன்.

தொட மறந்தது போஸ்ட் மேக்ஸ் சைஸ். படிவம் மொத்தமாக, அதாவது எல்லாப் படங்களும் எழுத்தும் சேர்த்து, எவ்வளவு இருக்கலாம் என்பது இது. இயல்பு 8 எம்பி. அண்ணாச்சி ஒரு பாயை நாலு கோணத்தில் எடுத்து நாலையும் ஒன்றாக ஏற்றியிருக்கிறார், ஒவ்வொன்றும் ஐந்து எம்பி, ஆக இருபது. இந்த எல்லையைத் தாண்டினால் பிஹெச்பி படத்தை மட்டும் நிராகரிப்பதில்லை, படிவத்தில் வந்தது அத்தனையையும் கைவிட்டுவிடுகிறது. பாயின் பெயர், விலை, நீள அகலம் எல்லாமே காலி. என் நிரல் பார்த்தபோது பெயர் இல்லை, அதனால் "பெயர் கட்டாயம்" என்று சிவப்பில் காட்டியது. நானோ பெயர்ப் பெட்டியில்தான் கோளாறு என்று அந்த வரிகளையே ராத்திரி முழுக்கக் குடைந்துகொண்டிருந்தேன். பிழைப் பதிவைத் திறந்து பார்த்திருந்தால் போஸ்ட் அளவு எல்லை மீறியது என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. ஆகவே நிரப்பிய பெட்டியெல்லாம் காலி என்று தளம் சொன்னால், நிரலைத் தொடும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். நான் இப்போது வைத்திருப்பது கோப்புக்கு 16, போஸ்டுக்கு 96.

மூன்றாவது மெமரி லிமிட், இயல்பு 128 எம்பி. கோப்பு ஐந்து எம்பிதானே, 128 எதற்குப் போதாது என்று தோன்றும். ஆனால் சின்னப் படம் தயாரிக்க பிஹெச்பி அதை விரித்துத் திறக்கும்போது ஒரு புள்ளிக்கு நாலு பைட் பிடிக்கிறது. 4000க்கு 3000 படம் என்றால் 48 எம்பி. போனில் 50 மெகாபிக்சல் முறையில் எடுத்தது என்றால் கிட்டத்தட்ட 200 எம்பி, அங்கேயே வெள்ளைப் பக்கம்தான். 256 போட்டுவிட்டு, 50 மெகாபிக்சல் முறையை அணைக்கச் சொன்னேன். சிலர் மைனஸ் 1 போட்டு எல்லையே இல்லாமல் விடச் சொல்வார்கள், பலர் பகிரும் சர்வரில் அது கூடவே கூடாது.

அப்ளை கொடுத்ததும் மாறவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்த வேண்டாம். சிபேனல் இந்த மதிப்புகளைத் தளத்தின் கோப்புறையில் டாட் யூசர் டாட் ஐஎன்ஐ என்ற கோப்பிலும் எழுதுகிறது, அதைப் பிஹெச்பி இயல்பாக 300 நொடிக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும். ஐந்து நிமிஷம் பொறுங்கள். அப்புறம் பிஹெச்பிஇன்ஃபோ ஃபங்ஷனை அழைக்கும் ஒற்றை வரிக் கோப்பு ஒன்றைத் தளத்தில் வைத்துத் திறந்து பாருங்கள். லோக்கல் வேல்யூ, மாஸ்டர் வேல்யூ என்று இரண்டு பத்தி வரும். உங்களுக்கு வேண்டியது லோக்கல். பார்த்த கையோடு அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், சர்வரின் உள் விவரமெல்லாம் அதில் வெளியே தெரியும். வேர்ட்பிரஸ் என்றால் இந்தக் கோப்பே வேண்டாம், சைட் ஹெல்த்தில் சர்வர் பகுதியில் எல்லாம் இருக்கிறது.

நேர மண்டலம் பேசிக் மோடில் இல்லை, எடிட்டர் மோடுக்குப் போய் டேட் டாட் டைம்சோன் வரியில் ஏசியா, சாய்கோடு, கொல்கத்தா என்று போடுங்கள். போடாவிட்டால் பெரும்பாலும் உலகப் பொது நேரம்தான் ஓடும், நம் காலை ஐந்தரைக்கு முன் வரும் ஆர்டரெல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும்.

தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானது ஒன்று. எக்ஸ்டென்ஷனில் எம்பிஸ்ட்ரிங், இன்டெல் (ஐ-என்-டி-எல் என்று எழுதியிருக்கும், சிப் கம்பெனி இல்லை) இரண்டும் டிக் ஆகியிருக்க வேண்டும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்து கொடுப்பார்கள், அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் எழுத்துக் கணக்கு அவசியம். "சுப்புலட்சுமி" நமக்கு ஏழு எழுத்து. எழுத்தின் நீளத்தை எண்ணும் பிஹெச்பியின் சாதாரண ஸ்ட்ரலென் ஃபங்ஷன் அதை 39 என்கிறது, ஏனென்றால் அது எண்ணுவது பைட்டை. எம்பிஸ்ட்ரிங்கின் ஸ்ட்ரலென் 13 என்கிறது, ஒற்றும் உயிர்க்குறியும் தனித்தனி. இன்டெல்லில் உள்ள கிராஃபீம் ஸ்ட்ரலென்தான் ஏழு என்று சரியாகச் சொல்கிறது. நெய்பவருக்கு வேண்டியது அந்த ஏழு.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் சிலர் எழுதியதில் மூன்று விஷயம் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் ஐஎன்ஐ கோப்பைக் கையால் திருத்தி 64க்குப் பின்னால் எம், பி என இரண்டு எழுத்தும் போட்டிருக்கிறார். எம் மட்டும்தான் போட வேண்டும். பி சேர்ந்தால் பிஹெச்பி அதை வெறும் 64 பைட் என்று எடுத்துக்கொள்ளும், எந்தப் படிவமும் போகாது. இன்னொருவர் பழைய பேக்கப்பிலிருந்த ஹெச்டிஅக்சஸ் கோப்பை (வெப் சர்வருக்கான அமைப்புகள் உள்ள கோப்பு) மேலே போட்டதும் பிஹெச்பி பதிப்பே மாறிவிட்டது. சிபேனல் பதிப்பை எழுதி வைக்கும் வரிகள் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன, அவை போனால் மேனேஜரில் மறுபடி தேர்ந்து அப்ளை கொடுங்கள். மூன்றாவது, திரையில் 413 என்ற எண் வந்தால் பிஹெச்பி வரை படம் வந்து சேரவே இல்லை, வெப் சர்வரே வாசலில் தடுத்திருக்கிறது. அதை நம் பேனலில் மாற்ற வழியில்லை என்றால் ஹோஸ்டிங்காரரிடம் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், எல்லையை உயர்த்தித் தருவார்கள்.