திருகுக்குள் ஈயம் வேண்டாம்: வயர் இணைப்பில் தொடரும் தவறுகள்

மெயினை அணைக்காமல் கை வைப்பது, ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றி மாட்டுவது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. அவை அன்றைக்கே தெரிந்துவிடும், சில சமயம் சத்தத்தோடு. பார்க்க ஒழுங்காக இருந்து, சோதனையிலும் தேறி, சில மாதம் கழித்துக் கருகும் இணைப்புகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்வது இவற்றைத்தான். முழுக்க அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. எங்கள் தலைமுறை செய்து காட்டியதைத்தான் அவர்களும் செய்கிறார்கள்.

ஈயம் பூசிய முனையைத் திருகில் இறுக்குவது

பல இழை வயரை உரித்ததும் இழைகள் பிரிந்து நிற்கும். திருகு டெர்மினலில் நுழைக்கும்போது ஓரிரு இழைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க முனையில் சால்டரை, அதாவது பட்டறையில் ஈயம் என்று சொல்வதை, உருக்கி விட்டுக் கம்பிபோல் கெட்டியாக்கி மாட்டுவார்கள். பளபளவென்று இருக்கும், சட்டென்று உள்ளே போகும். இவ்வளவு சுத்தமான வேலையா என்று மேற்பார்வையாளரே பாராட்டுவார். எனக்கு எரிச்சல் தொடங்குவதே அந்தப் பாராட்டில்தான்.

சால்டர் மென்மையான உலோகம். வெள்ளீயம் 63, காரீயம் 37 கொண்ட பழைய கலவை 183 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உருகுநிலை இவ்வளவு தாழ்வாக இருப்பதால், சாதாரண அறை வெப்பத்திலேயே அழுத்தம் தொடர்ந்தால் அது மெல்ல மெல்ல நசுங்கி விலகிக்கொண்டே போகும். திருகை நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும், அடியில் இருக்கும் பொருள் நகர்ந்துவிட்டால் அழுத்தம் குறையத்தான் செய்யும். அழுத்தம் குறைந்தால் தொடுமிடத்தின் மின்தடை ஏறும். தடை ஏறினால் சூடு, சூட்டில் சால்டர் இன்னும் மென்மையாகும், இன்னும் விலகும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழற்சி இது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடுமிடத்தில் 0.1 ஓம் தடை, ஓடுவது 15 ஆம்பியர் என்றால் அங்கே வெளிப்படும் வெப்பம் 22.5 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்னை டெர்மினல் பிளாக்குக்குள் சொருகி மறந்துவிட்டு வந்ததற்குச் சமம். ஃபியூஸ் போகாதா என்று கேட்பார்கள். போகாது. தடை கூடினால் மின்னோட்டம் துளி குறையுமே தவிர ஏறாது. கசிவைப் பார்த்து அணைக்கும் பிரேக்கருக்கும் இதில் வேலையில்லை, ஏனென்றால் எதுவும் கசியவில்லை. பெட்டியில் உள்ள எந்தப் பாதுகாப்பும் கவனிக்காத பழுது இது.

ஹீட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் ஓர் இடத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்கள். போன பெட்டிகள் டெர்மினல் பழுப்பேறித் திரும்பி வந்துகொண்டிருந்தன. டெர்மினல் பிளாக் மட்டம் என்று முடிவுகட்டி, வேறு பிளாக் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் பழுப்பேறியது. பொருத்தும் மேசைக்குப் போனால், உருகிய ஈயம் ஒரு கிண்ணத்தில் தயாராக இருக்கிறது, எல்லா வயர் முனையும் அதில் முங்கி எழுகிறது. வாடிக்கையாளர்களுக்கு "திருகை இன்னொரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள்" என்று ஆலோசனை வேறு சொல்லியிருந்தார்கள். இறுக்கினால் கொஞ்ச நாள் சரியாக இருக்கும்; சால்டர் இன்னும் நசுங்கும்; பிறகு மறுபடி தளரும். கடைசியில் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து முனைகளை வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டியதில் வயர் நீளம் போதாமல் போய், பல வயர்களை முழுசாக மாற்றினார்கள். பிறகு அத்தனை சோதனையும் முதலிலிருந்து. கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு டப்பா ஃபெரூல், அதாவது இழைகளைச் சேர்த்துப் பிடிக்க முனையில் மாட்டி அழுத்தும் சிறு உலோகக் குழல், இருந்திருந்தால் இவ்வளவும் இல்லை.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை. வீட்டு உபயோகச் சாதனங்களுக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60335-1 தரநிலை, அழுத்தத்தால் பிடிக்கப்படும் இடத்தில் பல இழை வயரைச் சால்டரால் கெட்டியாக்கக் கூடாது என்கிறது. ஸ்பிரிங் டெர்மினலுக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் சால்டர் நசுங்க நசுங்க ஸ்பிரிங் பின்தொடர்ந்து அழுத்தும். திருகுக்கு அந்தக் குணம் கிடையாது.

இழை பிரியாமல் இருக்க ஃபெரூல் போடுங்கள். வயரின் குறுக்குப் பரப்புக்குப் பொருந்தும் அளவில், அதற்குரிய கருவியால். சால்டரை, சால்டருக்கென்றே செய்த டெர்மினலில் வையுங்கள். அங்கேயும் வயரை முதலில் துளையில் கொக்கிபோல் மாட்டிவிட்டுத்தான் சால்டர் விட வேண்டும். சால்டரின் பிடி போனாலும் வயர் கழன்று வேறெங்கும் தொடாமல் நிற்க வேண்டும்.

அசையும் வயரில் சால்டர்

ஈயம் இழைகளுக்கிடையே மேலேறி நிற்கும் எல்லையில் வயர் ஒடியும். வேறு விளக்கம் தேவையில்லை.

பிளையரால் கிரிம்ப் செய்வது

வயர் முனையில் மாட்டும் உலோக லக்கை வயரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வைப்பதுதான் கிரிம்ப்; லக்கைச் சப்பையாக்குவது கிரிம்ப் ஆகாது. சரியான அச்சில் அழுத்தினால் இழைகளும் உறையும் இடைவெளி இல்லாமல் நெருங்கி, காற்றுகூடப் புகாத அளவுக்கு ஒன்றாகும். பிளையர் அந்த வடிவத்தைத் தராது. ராட்செட் கருவி, அழுத்தம் முழுமையாகும்வரை பிடியை விடாது. அதற்காகத்தான் அதை வாங்குவது.

இன்சுலேஷன் உள்ள லக்குகளில் சிவப்பு பொதுவாக 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. சிவப்பு தீர்ந்துவிட்டது என்று மெல்லிய வயரை மடித்து நீலத்தில் திணிப்பதைப் பார்த்திருக்கிறேன். இழுத்துப் பார்த்தால் கையோடு வரும். கிரிம்ப் செய்யும் முன் முனைக்கு ஈயம் பூசுகிறவர்களும் உண்டு. மேலே சொன்ன கதையேதான்.

டேப்

டேப் ஜாயிண்டைப் பிடிக்காது. சூட்டில் பசை இளகும், டேப் நழுவும்.

நடுவழியில் ஒட்டுப்போடுவது

வயர் நீளம் போதவில்லை, இருக்கவே இருக்கிறது ஒரு துண்டு என்று குழாய்க்குள்ளோ டிரங்கிங்கிலோ (வயர் போகும் மூடிய தடம்) ஜாயிண்ட் போட்டுத் தள்ளுவது. இயந்திரங்களுக்கான ஐ.இ.சி. 60204-1, வயர் ஒரு டெர்மினலிலிருந்து அடுத்த டெர்மினல் வரை ஒட்டில்லாமல் போக வேண்டும் என்பதையே விதியாக வைத்திருக்கிறது. தவிர்க்கவே முடியாத இடத்தில் ஜாயிண்ட் வந்தால், அதற்கான கனெக்டரும் திறந்து பார்க்கக்கூடிய பெட்டியும் வேண்டும். இழுவிசை ஜாயிண்டில் விழக் கூடாது.

கனெக்டர் டப்பாவில் எந்த அளவு வயர், எத்தனை வயர் என்று அச்சிட்டிருப்பார்கள். அதுதான் அந்தக் கனெக்டர் பெற்ற சான்றிதழின் எல்லை. ஒரு வயருக்கான ஓட்டையில் இரண்டைத் திணித்த நொடியில் அந்தச் சான்றிதழ் உங்களுக்கு உதவாது. முழுச் சாதனத்துக்கும் அப்படியே: சான்று பெற்ற மாதிரியில் கிரிம்ப் இருந்து, உற்பத்தியில் முறுக்கி டேப் சுற்றினால் அது வேறு சாதனம். ஆய்வுக்கு வருபவர் அப்படித்தான் பார்ப்பார்.

எர்த் வயரில் ஒட்டு

வேண்டாம். புது வயர் இழுங்கள்.

பீப் கேட்டதும் நம்புவது

மல்டிமீட்டரில் பீப் வருவதற்கு ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அது அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். ஜாயிண்டின் யோக்கியதை அதில் வெளிப்படாது. ஐ.இ.சி. 60335-1-இல் எர்த் இணைப்பைச் சோதிக்க 25 ஆம்பியரோ, சாதனத்தின் மின்னோட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கோ, எது அதிகமோ அதைச் செலுத்துகிறார்கள், தடை 0.1 ஓமைத் தாண்டக் கூடாது. மற்ற இணைப்புகளுக்கு நான் செய்வது: முதலில் கையால் இழுத்துப் பார்ப்பது, பிறகு முழு லோடில் ஓடவிட்டு ஒரே மின்னோட்டம் ஓடும் டெர்மினல்களின் சூட்டை அளப்பது. ஒன்று மட்டும் பக்கத்தில் உள்ளவற்றைவிடச் சூடாக இருந்தால், திருகை இறுக்காமல் வயரை வெளியே எடுத்து முனையைப் பாருங்கள்.