மான்கொம்புப் பெரணியை மரப்பலகையில் கட்டி சுவரில் மாட்டுவது எப்படி?

வீட்டுக்குள் பச்சை வேண்டும், ஆனால் தரையில் தொட்டி வைக்க இடமில்லை என்பவர்களுக்கு ஸ்டாக்ஹார்ன் ஃபெர்ன் எனப்படும் மான்கொம்புப் பெரணி நல்ல தேர்வு. காட்டில் இது மரக்கிளைகளிலும் பாறைகளிலும் தொற்றி வளரும் செடி. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. ஒட்டுண்ணி அல்ல, வெறும் குடித்தனக்காரர். அதனால் பலகையில் கட்டினால் செடிக்குக் கஷ்டம் என்று யாரும் தயங்க வேண்டாம். மண் நிரப்பிய தொட்டிதான் அதற்குப் பழக்கமில்லாத இடம்.

பிளாட்டிசேரியம் என்ற இந்தப் பேரினத்தில் சுமார் 18 இனங்கள் உண்டு. முதன்முறை செய்பவர்கள் பிளாட்டிசேரியம் பைஃபர்கேட்டம் வாங்குவதே நல்லது. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியும் நியூ கினியும் இதன் தாயகம். கொஞ்சம் அலட்சியத்தைத் தாங்கும், பக்கக்கன்றும் விடும். சூபர்பம், கிராண்டே போன்றவை பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் பக்கக்கன்று விடாது. ஒரே குருத்து, அது போனால் செடியே போயிற்று. 10 முதல் 12 செ.மீ தொட்டியில் இருக்கும் செடியாக வாங்குங்கள். அதைவிடச் சிறியது பலகையில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

கட்டுவதற்கு முன் செடியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இதில் இரண்டு வகை இலைகள். வெளியே நீட்டிக்கொண்டு கிளைபிரிவது கொம்பு இலை. அடியில் தட்டையாக, வேரை மூடிக்கொண்டு வட்டமாக இருப்பது கவச இலை. கவச இலை முதலில் பச்சையாக இருந்து பிறகு பழுப்பாகிக் காகிதம்போல் உலர்ந்துவிடும். அது நோய் அல்ல. அதைப் பிய்த்தால் வேர் வெளியே தெரியும், செடி தவித்துப்போகும். காய்ந்த இலை என்று நினைத்துச் சுத்தம் செய்து கெடுப்பவர்கள்தான் அதிகம். இரண்டு வகை இலைகளும் புறப்படும் மையத்தில், ரோமம் படர்ந்த சிறு முனை ஒன்று இருக்கும். அதுதான் குருத்து.

தேவையானவை

பலகை: 30 × 30 செ.மீ, கனம் 2 செ.மீ. மெல்லிய பலகை நனைந்து காய்ந்து வளைந்துவிடும். தேக்கு, சிடார் இரண்டும் நீருக்குத் தாங்கும். பிளைவுட் வேண்டாம், சில மாதங்களில் அடுக்கு பிரியும். பூச்சி அரிக்காமலிருக்கச் செம்பு, ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தைத் தொடவே தொடாதீர்கள். பச்சைச் சாயல் இருந்தால் சந்தேகப்படுங்கள். முன்பக்கத்துக்கு வார்னிஷ் பூசக் கூடாது, வேர் பிடிக்காது.

ஸ்பாக்னம் பாசி: நீளநாராக உள்ளது, உலர்ந்த நிலையில் இரண்டு கைப்பிடி. பொடியாக வரும் பீட் (மக்கிய பாசி) இதற்கு ஆகாது, கட்டும்போதே கொட்டிவிடும்.

தட்டைத் தலையுள்ள துருப்பிடிக்காத ஆணிகள் 10. நைலான் தூண்டில் நரம்பு 5 மீட்டர். பலகைக்குப் பின்னால் மாட்ட இரண்டு வளையக் கொக்கிகள், மூலைகளில் ஒட்ட 1 செ.மீ கனமுள்ள நான்கு ரப்பர் குமிழ்கள். உப்புத்தாள், சுத்தியல், ட்ரில் மெஷின். கையுறை அவசியம். ஸ்பாக்னம் பாசியில் சில சமயம் இருக்கும் ஒரு பூஞ்சை, கையில் சிராய்ப்பு இருந்தால் தோலுக்குள் புகுந்து புண்ணாக்கும்.

கட்டுவதற்கு நூலா, கம்பியா, நரம்பா? நரம்புதான். பருத்தி நூல் செடி வேர் பிடிப்பதற்குள் மக்கிவிடும், கம்பி இலையை அறுக்கும்.

படி 1: பலகை

விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பின்பக்கம் கொக்கிகளைத் திருகி, ரப்பர் குமிழ்களை ஒட்டுங்கள். செடி கட்டிய பிறகு பலகையைக் கவிழ்க்க முடியாது. பிறகு முன்பக்கத்தில், வேர் உருண்டையைவிடச் சுற்றிலும் 3 செ.மீ அதிகமாக ஒரு வட்டம் வரையுங்கள். வட்டத்தின் மேல் சம இடைவெளியில் ஆணிகளை அடியுங்கள். தலை 1 செ.மீ வெளியே நிற்கட்டும். வட்டத்தின் மையம் பலகையின் மையத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால், கவச இலைகள் மேலே விரிய இடம் கிடைக்கும்.

படி 2: பாசியும் வேரும்

பாசியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். தொட்டியிலிருந்து செடியை எடுத்து வெளிப்புற மண்ணை மூன்றில் ஒரு பங்கு உதிர்த்துவிடுங்கள். நடுப்பகுதியைக் குடையாதீர்கள். அடிப்பக்கத்தை அமுக்கித் தட்டையாக்கினால் பலகையில் அமரும்.

படி 3: கட்டுவது

இங்கேதான் பெரும்பாலும் பிசகும். வட்டத்துக்குள் 2 செ.மீ கனத்துக்குப் பாசியைப் பரப்பி, செடியை அதன்மேல் வையுங்கள். கொம்பு இலைகளில் பெரும்பகுதி எந்தப் பக்கம் சாய்கிறதோ அது கீழே வரட்டும், கவச இலையின் அகன்ற விளிம்பு மேலே. தலைகீழாகக் கட்டினால் செடி சாகாது, ஆனால் புதிய இலைகள் வெளிச்சத்தைத் தேடி முறுக்கிக்கொண்டு வளரும். அந்தக் கோணல் பிறகு நேராவதில்லை.

வேரின் பக்கவாட்டை மீதிப் பாசியால் மேடாக மூடுங்கள். குருத்தின்மேல் பாசி ஏறக் கூடாது, ஏறினால் அழுகும். இப்போது நரம்பை ஓர் ஆணியில் முடிந்து, எதிர்ப்பக்க ஆணிக்கு இழுத்து, அடுத்த ஆணிக்குத் தாவி மறுபடி எதிரே இழுங்கள். எதிரெதிரே என்றாலும் நட்ட நடுவே போகக் கூடாது. குருத்தையும் கொம்பு இலைகளின் அடியையும் விட்டு விலகி, பாசியின் மேலும் பழுத்த கவச இலையின் மேலும் மட்டும் நரம்பு ஓட வேண்டும். பச்சைக் கவச இலையைத் தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தில் தளர்வாக விடுங்கள்.

எவ்வளவு இறுக்கம்? பலகையை நிமிர்த்திப் பிடித்து லேசாக உலுக்குங்கள். இலை ஆடலாம், வேர் உருண்டை ஆடக் கூடாது. உருண்டை ஆடிக்கொண்டே இருந்தால் மரத்தைப் பற்ற வரும் புதிய வேர்கள் ஒவ்வொரு முறையும் அறுந்துபோகும். ஆடினால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். நரம்பு தெரிகிறதே என்ற கவலை வேண்டாம், அடுத்து வரும் கவச இலை மூடிவிடும்.

படி 4: இடம்

வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். நண்பகலில், மாட்டப்போகும் இடத்தில் வெள்ளைத்தாளுக்கு 30 செ.மீ முன்னால் கையைக் காட்டுங்கள். விரல்கள் மங்கலாக ஆனால் அடையாளம் தெரியும்படி நிழல் விழுந்தால் சரி. கூர்மையான நிழலென்றால் இலை கருகும். நிழலே இல்லையென்றால் வேறு சுவர் பாருங்கள். நனைந்த பலகை 3, 4 கிலோவைத் தொடலாம். அதனால் ஒட்டும் கொக்கியை நம்பாமல் சுவரில் துளையிட்டு, பிளக் வைத்துத் திருகாணி போடுங்கள். பின்னால் ஒட்டிய குமிழ்கள் விடும் இடைவெளியில் காற்று ஓடும், சுவரில் ஈரக்கறை படியாது.

தண்ணீர்

ஸ்ப்ரே பாட்டிலால் தினமும் தெளிக்கிறேன், ஆனாலும் வாடுகிறதே என்பார்கள். தெளித்தால் பாசியின் மேல்தோல்தான் நனையும். உள்ளே வறண்ட ஸ்பாக்னம் தண்ணீரை எளிதில் ஏற்காது; ஊற்றினாலும் வழிந்து ஓடிவிடும். பலகையை இறக்கி, வேர்ப்பகுதி முழுகும்படி 15 நிமிடம் தண்ணீரில் கிடத்துவதே வழி. பிறகு ஒரு மணி நேரம் சாய்த்து வைத்து, சொட்டு நின்றபின் மாட்டுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டின் சூடு, காற்றைப் பொறுத்தது. எடைதான் நம்பகமான அளவுகோல். சொட்டு நின்றதும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறியுங்கள், 2,100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கொம்பு இலைகள் லேசாகத் துவளத் தொடங்கும் நாளில் மறுபடி நிறுங்கள், 1,500 கிராம். இனி 1,700 வந்ததும் நனைத்துவிடுங்கள். சில வாரங்களில் கையில் தூக்கினாலே தெரிந்துவிடும், தராசு தேவைப்படாது. செடி வளர வளர எடை கூடுமென்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உரம்: வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, 20-20-20 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள) நீர் உரத்தை உறையில் சொன்ன அளவில் கால் பங்காகக் குறைத்து ஊறவைக்கும் தண்ணீரில் கலந்தால் போதும். கவச இலைக்குப் பின்னால் வாழைப்பழத் தோலைச் செருகும் வைத்தியத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதில் பொட்டாசியம் உண்டு, தழைச்சத்து சொற்பம். வீட்டுக்குள் செய்தால் பழ ஈக்கள்தான் மிச்சம்.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் சந்தேகங்கள்

கொம்பு இலையின் நுனியில், அடிப்பக்கம் மட்டும் வெல்வெட் மாதிரி பழுப்பு படர்ந்தால் அது வித்துத்தூள், விட்டுவிடுங்கள். தனித்தனிப் புடைப்புகளாக, நடுநரம்பையொட்டி, பிசுபிசுப்போடு இருந்தால் செதில்பூச்சி. ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாக எடுங்கள். இலையில் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும் வெண்மை தூசியல்ல. அது நுண்ரோமம், ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது. துணியால் துடைத்தால் அந்த ரோமம் போய்விடும், துடைக்காதீர்கள். கொம்பு இலையின் அடி கறுத்து மெத்தென்று ஆனால் தண்ணீர் அதிகம், நுனி மட்டும் மொறமொறவென்று காய்ந்தால் குறைவு.

சில ஆண்டுகளில் செடி பலகையை மீறி வளரும். அப்போது செடியைப் பிரிக்காமல், பழைய பலகையையே பெரிய பலகை ஒன்றின்மேல் வைத்துத் திருகிவிடுங்கள். பக்கக்கன்றை எடுக்க நினைத்தால், அதற்கென்று சொந்தக் கவச இலை வந்து 8, 10 செ.மீ அகலமாகும்வரை பொறுத்து, பின்னாலிருக்கும் வேரோடு கத்தியால் வெட்டி எடுத்து, முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.