ருவாண்டாவைப் பாடமாக நடத்தும்போது

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994இல் ஹூட்டு தீவிரவாதிகள் டூட்சி மக்களைக் கொன்று குவித்த இனப்படுகொலையைப் பற்றி வகுப்பெடுப்பவர்கள் பலர் மண்டையோட்டுப் படத்தில்தான் தொடங்குகிறார்கள். அந்தக் கொலைகள் நடந்த இடங்களில் ஒன்றான நியமாட்டா தேவாலயத்தில் அடுக்கியிருக்கும் எலும்புகளைப் பார்த்ததும் வகுப்பே உறைந்துபோகும். ஆனால் அரண்டுபோன பிள்ளை கேள்வி கேட்காது. அந்தப் படம் கடைசியில் வரட்டும்.

முதலில் காட்ட வேண்டியது ஓர் அடையாள அட்டை. 1930களில் பெல்ஜியக் காலனி அரசு கொண்டுவந்தது. அதில், நாட்டின் மூன்று பிரிவுகளில் நீங்கள் ஹூட்டுவா, டூட்சியா, ட்வாவா என்று ஒரு வரி. ஒரே மொழி பேசி, பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்தான் எல்லோரும். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த வரி போகவில்லை. 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கியபோது சாலைகளை மறித்து நின்ற ஹூட்டு கும்பல்கள் கேட்டது அந்த அட்டையைத்தான். டூட்சி என்றிருந்தால் அங்கேயே வெட்டினார்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, “இரண்டு பழங்குடிகளுக்குள் காலங்காலமாகப் பகை” என்று ஒரே வரியில் முடிப்பதுதான் எனக்குத் தாங்கவே முடியாத தவறு. அந்தப் பகையைத் திட்டமிட்டு வளர்த்தார்கள். 1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற ஹூட்டு தீவிரவாதிகளின் வானொலி இளைஞர்களுக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டு, நடுநடுவே டூட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்றது. கொலைகள் தொடங்கியதும் ஆட்களின் பெயரையும் இடத்தையும் சொன்னது. 1994 ஜனவரியிலேயே ருவாண்டாவில் இருந்த ஐ.நா. அமைதிப்படையின் தளபதி ரோமியோ டலேர் ஆயுதப் பதுக்கல் பற்றி நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்கு எழுதினார். அவற்றைப் பறிமுதல் செய்ய அங்கிருந்து அனுமதி தரவில்லை. ஏப்ரல் 21 அன்று, கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே, பாதுகாப்பு அவை அந்தப் படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது.

அப்புறம் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை. ஐ.நா. கணக்கில் சுமார் 8 லட்சம் பேர், ருவாண்டா அரசின் கணக்கில் 10 லட்சத்துக்கும் மேல், அதுவும் ஏறக்குறைய 100 நாட்களில். எண்ணை மட்டும் பலகையில் எழுதினால் மணி அடித்ததும் மறந்துபோகும். கூடவே ஜூரா கருஹிம்பியைப் பற்றிச் சொல்லுங்கள். மந்திரக்காரி என்று பெயரெடுத்த மூதாட்டி. டூட்சிகளைத் தேடி வந்த கொலைகாரர்களிடம், உள்ளே நுழைந்தால் ஆவிகளை ஏவிவிடுவேன் என்று வளையல்களைக் குலுக்கி மிரட்டியே வீட்டில் ஒளிந்திருந்தவர்களைக் காப்பாற்றினார்.

பிள்ளைகளை ஹூட்டு, டூட்சி என்று இரண்டு அணியாகப் பிரித்து நடிக்கவைப்பது வேண்டவே வேண்டாம்.

கொலைகள் ஓய்ந்த 1994 ஜூலையோடு பாடத்தை நிறுத்தவும் கூடாது. டாபா என்ற ஊரின் மேயராக இருந்த அகயேசுவை 1998இல் சர்வதேசத் தீர்ப்பாயம் இனப்படுகொலைக் குற்றவாளி என்றது. கச்சாச்சா (Gacaca) என்ற ஊர் நீதிமன்றங்கள் 2012 வரை நடந்தன. கொன்றவரும் உறவை இழந்தவரும் இன்று ஒரே ஊரில் இருக்கிறார்கள். எப்படி இருக்க முடிகிறது என்று பிள்ளைகள் பேச ஒரு முழு வகுப்பாவது ஒதுக்குங்கள்.