பொங்கல் பாடத்துக்கு ஒரு பிடி நெல் போதும்: பயிற்சி ஆசிரியர்களுக்கு

பி.எட். கற்பித்தல் பயிற்சி ஜனவரியில் அமைந்தால், பொங்கல் பாடம் யாராவது ஒருவர் தலையில் விழும். என் தலையில் விழுந்தபோது, போகி முதல் காணும் பொங்கல் வரை நான்கு சார்ட், இரவெல்லாம் வண்ணம் தீட்டிக்கொண்டு போனேன். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசுவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. அதுவரை நான் சொன்னதில் ஒன்றுகூடப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. பாதிப் பேர் வீட்டில் மாடு இருந்தது. என் வீட்டில் இல்லை.

மறுநாள் அடுத்த பிரிவுக்கு மாற்றி எடுத்த பாடத்தைத்தான் கீழே தருகிறேன். ஐந்தாம் வகுப்பு, 40 நிமிடம்.

1. பாடக்குறிப்பில் ஒரே கேள்வி

"பொங்கல் ஏன் தை மாதத்தில் வருகிறது?" இது போதும். கற்றல் விளைவு என்ற இடத்தில், நெல் விளையும் காலத்தையும் பண்டிகை நாளையும் மாணவர் தொடர்புபடுத்துவார் என்று எழுதுங்கள். நான்கு நாள்களையும் ஒரே பாடவேளையில் திணிக்காதீர்கள்.

2. பொருள்கள்

ஒரு பிடி நெல், ஒரு தினசரி காலண்டர். நகரத்தில் இருப்பவர்கள் பூசைச் சாமான் கடையில் நெல் கேட்டுப் பாருங்கள். மண்பானை இருந்தால் அழகு, இல்லாவிட்டாலும் பாடம் நடக்கும். அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

3. தொடக்கம்

"உங்கள் வீட்டில் பொங்கலை எப்படிக் கொண்டாடுவீர்கள்?" என்று தொடங்குவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஆண்டு அவள் வீட்டில் ஒரு சாவு; பண்டிகை கிடையாது. பொங்கலே கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். எனவே வீட்டைப் பற்றிக் கேட்காமல், கையில் வேலை கொடுங்கள்.

ஆளுக்குப் பத்து நெல்மணி கொடுத்து, நகத்தால் உமியை உரித்து அரிசி எடுக்கச் சொல்லுங்கள். மூன்று நிமிடம். வகுப்பு முதலில் அமைதியாகும், பிறகு கூச்சல் கிளம்பும்: "டீச்சர், உடைந்துவிட்டது!" கூச்சலை அடக்க வேண்டாம். உடையாத அரிசி எத்தனை என்று வரிசைவாரியாகக் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு, ஒரு கைப்பிடிச் சோற்றுக்கு எத்தனை நெல்மணி வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். பதில் சரியாக வர வேண்டும் என்பதில்லை.

4. விரல்விட்டு எண்ணுதல்

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 15 நிமிடம் ஒதுக்குங்கள். சம்பா நெல் ஏறக்குறைய ஐந்து மாதப் பயிர். ஆவணியில் விதைத்தால் எப்போது அறுக்கலாம்? ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று பிள்ளைகளே விரலை மடக்கட்டும். ஐந்தாவது விரல் மடங்கியதும் தை என்று வகுப்பே கத்தும். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்ற பழமொழியை இந்த இடத்தில் எழுதினால், புது நெல் வீடு வந்த பிறகு கையில் காசு புழங்குவதைச் சொல்ல வசதியாக இருக்கும்.

தீபாவளி மட்டும் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு தேதியில் வருகிறது என்று யாராவது கேட்பார்கள். காலண்டரைக் கையில் எடுங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது, நிலவின் கணக்கு. பொங்கல் சூரியக் கணக்கு. தை முதல் நாள். அதனால் பெரும்பாலும் ஜனவரி 14, சில ஆண்டுகளில் 15. 2024-இல் 15-ஆம் தேதி வந்தது. இதே நாள்களில் ஆந்திராவில் சங்கராந்தியும் அசாமில் போகாலி பிகுவும் வருவதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

5. வீட்டுப்பாடம்

கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். தண்ணீர் கொதிப்பதையும் பால் காய்வதையும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். இதற்குப் பண்டிகை கொண்டாடும் வீடாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் தளதளவெனக் கொதித்தாலும் பாலைப் போலப் பொங்கி வழிவதில்லை. பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் மேலே ஆடையாகப் படர்ந்து நீராவியை அடைக்கின்றன. அடைபட்ட குமிழிகள் ஆடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகின்றன.

விடுமுறை முடிந்து வந்த ஒரு பையன், "எங்கள் வீட்டில் பால் கொஞ்சம்தான், அரிசி களைந்த தண்ணீர்தான் நிறைய. அது எப்படிப் பொங்கியது?" என்று கேட்டான். நான் விழித்தேன். கடைசி பெஞ்சில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியர் எழுந்து வந்து, களைந்த நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்தும் நுரையை உடையவிடாது என்று சொல்லிவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார்.