பழைய ஆங்கில இலக்கியத்தை முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

பி.ஏ. ஆங்கிலம் முதலாம் ஆண்டில் இலக்கிய வரலாற்றுத் தாளைப் புதிதாக எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதன்முதலில் எடுத்தபோது 449, 597, 793, 1066 என்று ஆண்டுகளைப் பலகையில் வரிசையாக எழுதிப் போட்டேன். பிள்ளைகளும் அழகாக எழுதிக்கொண்டார்கள். தேர்வில் பாதிப் பேர், பழைய ஆங்கிலப் பெருங்கவிதை ஒன்றின் நாயகனான பேயோவுல்ஃபை இங்கிலாந்தின் அரசனாக்கி விட்டார்கள். தப்பு என்னுடையதுதான். யார் பாடினார்கள், யாருக்காகப் பாடினார்கள் என்று சொல்லாமல் எப்போது என்று மட்டும் சொன்னால் வேறென்ன நடக்கும்? இப்போது தலைகீழாகச் செய்கிறேன். முதலில் சொல், அப்புறம் பாட்டு, பாட்டு கேட்கிற இடத்தில் மட்டும் வரலாறு.

படி 1: ஒரே ஒரு சொல்லில் தொடங்குங்கள்

பலகையில் 'லார்ட்' என்று எழுதுங்கள். பிரபு, ஆண்டவர் என்று பொருள் சொல்வார்கள். பக்கத்தில் அதன் பழைய வடிவத்தை எழுதுங்கள்: ஹ்லாஃப்வெயார்ட். ஹ்லாஃப் என்றால் ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதுதான். வெயார்ட் என்றால் காவலன். ஆக, லார்ட் என்பவன் ரொட்டியைக் காப்பவன். 'லேடி'யின் வேர் இன்னும் அழகு: ரொட்டிக்கு மாவு பிசைபவள்.

இந்த இடத்தில் செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லை நினைவூட்டினால் போதும், பாதிப் பாடம் முடிந்தது. தலைவன் சோறும் மதுவும் பொன்வளையமும் தருவான். வீரன் பதிலுக்கு உயிரைத் தருவான். 991இல் இங்கிலாந்தின் மால்டனில், கடல்வழி வந்து தாக்கிய வைக்கிங்குகளோடு நடந்த சண்டையைப் பாடும் கவிதையில், தலைவன் பிர்ஹ்ட்னாத் விழுந்த பிறகும் அவனது வீரர்கள் ஓடாமல் நின்று சாவது இதனால்தான். (சிலர் ஓடுகிறார்கள். அவர்களையும் கவிஞர் பெயர் சொல்லியே திட்டுகிறார்.)

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கும்போது வரைபடத்தை விரியுங்கள். ரோமானியர் ஆட்சி 410 வாக்கில் பிரிட்டனில் முடிகிறது. இன்றைய வடஜெர்மனி, டென்மார்க் பகுதிகளிலிருந்து ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் கடல் கடந்து வருகிறார்கள். அவர்கள் வந்த ஆண்டாக 449 என்பதைச் சொன்னவர் பீட் என்ற துறவி. அதைக் கல்லில் பொறித்த தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: ஒரு விடுகதை போடுங்கள்

எக்ஸிட்டர் பேராலயத்தில் சுமார் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கும் ஒரு கையெழுத்துச் சுவடியில் தொண்ணூறுக்கு மேற்பட்ட விடுகதைகள் இருக்கின்றன. விடைகள் சுவடியில் இல்லை. வகுப்புக்கு நான் எடுப்பது 47ஆவது. அதன் முதல் சொல்லிலேயே விடை இருப்பதால் அதை மறைத்துவிட்டுச் சொல்வேன்: "ஒன்று சொற்களைத் தின்றது. இருட்டில் வந்த திருடன் ஒரு மனிதனின் பாட்டை விழுங்கினான். அத்தனையும் விழுங்கியும் அவனுக்கு எள்ளளவும் அறிவு கூடவில்லை."

கடைசி பெஞ்சிலிருந்து "நாங்கதான் சார்" என்று ஒரு குரல் வரும். வரட்டும். விடை, ஏட்டை அரிக்கும் பூச்சி. நாம் ராமபாணம் என்கிறோமே, அதுபோல.

படி 3: மாட்டுக்காரன் பாடிய கதை

விடுகதையை எழுதிவைத்தது யார் என்ற கேள்வி இப்போது தானாக வரும். 597இல் ரோமிலிருந்து போப் கிரிகோரி அனுப்பிய அகஸ்டின் கென்ட்டில் வந்து இறங்கினார். (ஹிப்போ நகரத்து அகஸ்டின் வேறு ஆள், வருடந்தோறும் யாராவது குழப்பிக்கொள்கிறார்கள்.) மடங்கள் எழுந்தன, தோல் ஏடுகளும் லத்தீன் எழுத்தும் வந்தன.

விட்பி மடத்தில் தலைவி ஹில்டின் காலத்தில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்மன். விருந்தில் யாழ் கை மாறி வரும். வாங்குகிறவர் பாட வேண்டும். தன் முறை நெருங்கியதும் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார். ஒருநாள் கனவில் ஒருவர் வந்து "பாடு" என்கிறார். "தெரியாது." "படைப்பைப் பாடு." பாடிவிட்டார். ஒன்பது வரிதான். பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் அவர். 731இல் பீட் முடித்த வரலாற்று நூலில் இந்தக் கதை இருக்கிறது. காளமேகத்தின் கதையை வகுப்பில் யாராவது எடுத்துவிடுவார்கள். இரண்டு நிமிடம் பேசவிடுங்கள்.

படி 4: காதால் கேட்கச் செய்யுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது. 'பேயோவுல்ஃப்' கவிதையின் ஐந்தாவது வரியை மொழிபெயர்க்காமல் உரக்கச் சொல்லுங்கள்:

*மொனெகும் மேய்தும் — மெயொடொசெட்லா ஒஃப்டெயாஹ்*

நடுவில் ஓர் இடைவெளி; பாதிக்கு இரண்டாக வரிக்கு நான்கு அழுத்தங்கள். முதல் மூன்றும் 'ம'வில் தொடங்குகின்றன, நான்காவது விலகுகிறது. "இது மோனைதானே சார்?" என்பார்கள். மோனையேதான். பள்ளியில் படித்த யாப்பு நினைவிருக்கிறவர்களுக்கு இது கூழை மோனை. முதல் அழுத்தமும் மூன்றாவதும் மட்டும் ஒன்றினால் அது பொழிப்பு. ஆனால் நம் ஒரூஉ மோனையும் (முதலாவதும் நான்காவதும் ஒன்றுவது) முற்று மோனையும் (நான்கும் ஒன்றுவது) அங்கே செல்லாது. மூன்றாவது அழுத்தம்தான் அச்சாணி, நான்காவது ஒன்றக் கூடாது. இன்னொரு வேறுபாடு, அங்கே எந்த உயிரும் எந்த உயிரோடும் மோனையாகும். இதைச் சொல்லிவிட்டால் 'அலிட்டரேஷன்' என்ற சொல்லுக்குத் தனியாக விளக்கம் வேண்டாம்.

பொருளை இப்போது சொல்லுங்கள்: ஷுல்ட் என்ற அரசன் பல குலங்களிடமிருந்து மது அருந்தும் பலகைகளைப் பறித்தான். பலகையைப் பறித்தால் என்ன என்று தோன்றும். முதல் படிக்குப் போங்கள். தலைவன் விருந்து வைக்கும் கூடம் போனால் அந்தக் குலமே போச்சு.

படி 5: பேயோவுல்ஃப்

3182 வரி. எல்லாவற்றையும் சொல்ல முயலாதீர்கள். டேனிய அரசன் ஹ்ரோத்காரின் ஹெயொரோட் கூடத்தில் கிரெண்டெல் என்ற பூதம், அடுத்து அதன் தாய், பேயோவுல்ஃப் தன் நாட்டை ஐம்பது ஆண்டு அரசாண்ட பிறகு ஒரு டிராகன். மூன்று சண்டை, அவ்வளவுதான். நாயகன் தெற்கு ஸ்வீடனைச் சேர்ந்த கெயாட் குலத்தான். ஆங்கிலத்தின் முதல் பெருங்கவிதையில் ஒரு காட்சிகூட இங்கிலாந்தில் நடப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். என் பழைய விடைத்தாள்கள் அதற்குச் சாட்சி.

தொடக்கத்தில் ஷுல்டின் உடலைப் பொன்னும் ஆயுதமும் நிறைந்த கப்பலில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். வெறும் கற்பனை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது சட்டன் ஹூ என்ற இடத்து அகழாய்வின் படத்தைக் காட்டுங்கள். 1939இல் சஃபோக்கில் ஒரு மேட்டைத் தோண்டியபோது 27 மீட்டர் நீளக் கப்பல் கிடைத்தது. மரம் மக்கிப் போயிருந்தது. மணலில் அதன் அச்சும், வரிசை குலையாத இரும்பு ஆணிகளும் மட்டும். நடுவில் தலைக்கவசம், பொன், ஒரு யாழின் துண்டுகள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம்.

கவிதைக்கு இருப்பது 1000ஆம் ஆண்டை ஒட்டிய ஒரே ஒரு சுவடி. 1731இல் லண்டனில் தீப்பிடித்து ஓரங்கள் கருகிவிட்டன. கருகிய பக்கத்தின் படம் இணையத்தில் கிடைக்கும், காட்டுங்கள்.

வீட்டுப்பாடமாக உருவகச் சொல் செய்யச் சொல்வேன். கடலை 'திமிங்கிலப் பாதை' என்றும், உடலை 'எலும்பு வீடு' என்றும் சொல்கிறது இந்தக் கவிதை. ஒரு மாணவி கைப்பேசியை 'உள்ளங்கை ஜன்னல்' என்று எழுதி வந்தாள்.

படி 6: 1066

பத்து நிமிடம் போதும். பிரான்ஸின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்றார்கள், அரண்மனைப் பேச்சு பிரெஞ்சானது. தொழுவத்தில் நிற்கும்போது கௌ, ஷீப்: பழைய ஆங்கிலம். தட்டில் வைத்தால் பீஃப், மட்டன்: பிரெஞ்சு. மேய்த்தவன் யார், தின்றவன் யார் என்று கேளுங்கள். அப்புறம் எவனாவது எழுந்து, "சிக்கன் மட்டும் ஏன் சார் ரெண்டு இடத்திலும் சிக்கன்?" என்பான். 'பௌல்ட்ரி' பிரெஞ்சிலிருந்து வந்துதான் பார்த்தது, ஆனால் தட்டு வரைக்கும் போய்ச் சேரவில்லை என்று சொல்லிவிட்டு மணி அடிக்கும் முன் வருகைப்பதிவை எடுத்துவிடுங்கள்.