பட்டையைக் காட்டாதீர்கள்: கைப்பேசி வாக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களுக்கு வார இறுதியில் வேதியியல் நடத்துகிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மாணவர்கள் கைப்பேசியில் வாக்களிக்கும் மென்டிமீட்டர் தளத்தில் கேள்வி விடுவதைப் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். அன்று நான் அடித்த அதே கூத்து. சார்ஜரை மறப்பது, எழுத்துப்பிழை எல்லாம் தானாகத் திருந்தும், விடுங்கள்.

வாக்கு விழும்போதே பட்டையைக் காட்டுவது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். லிட்டருக்கு 10⁻⁸ மோல் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) என்ன என்று கேட்டேன். முந்திரிக்கொட்டைகள் நாலு பேர் 8ஐ அழுத்தினார்கள். எந்த விடைக்கு எத்தனை வாக்கு என்று காட்டும் பட்டை திரையில் உயர்ந்தது. யோசித்துக்கொண்டிருந்தவர்களும் அதன் பின்னாலேயே போனார்கள். நானோ, "தப்பு, ஏறக்குறைய 6.98. தண்ணீரும் ஹைட்ரஜன் அயனி தருகிறதே" என்று பலகையில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தேர்வில் அதே மாதிரிக் கேள்வி வந்தது. பாதிப் பேர் 8 என்றே எழுதிவிட்டு வந்தார்கள்.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறையில் வாக்கு இரண்டு தடவை. முதல் வாக்கு தனியாக, பேச்சில்லாமல். சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு மறுபடி வாக்கு. அதற்கும் குறைந்தால் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும். விடை கடைசியில்தான். அதுவரை பட்டையை மறைத்து வையுங்கள். மென்டிமீட்டரில் அதற்கு வசதி உண்டு.

அடுத்த ஆண்டு அப்படிச் செய்தேன். ரப்பர் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி 8 போட்ட பையனிடம் திரும்பி, "எங்க பாட்டி பால் உறைய ஊத்துன ஆசிட்ல பேராக் ஆத்தையே கொட்டுனாலும் அது சவர்க்காரத் தண்ணி ஆயிடுமா?" என்றாள். பையனிடம் பதில் இல்லை. நான் பலகையில் எழுதிய எதுவும் அந்த அளவுக்கு உறைத்ததில்லை.

சரியான விடைக்கு மதிப்பெண்

வேண்டாம். கெட்டிக்காரன் சொல்வதை மற்றவன் அழுத்துவான், அவ்வளவுதான்.

வேகப் போட்டி

கஹூட் என்ற வினாடி வினாத் தளத்தில் சீக்கிரம் அழுத்தினால் புள்ளி அதிகம். கலைச்சொல் நினைவூட்டலாம். சமநிலைக் கணக்குக்கு ஆகாது.

லைனை நம்புவது

மழை பிடித்தால் எங்கள் மாடியில் இணைய லைன் போய்விடும். நாலு நிற அட்டைகள் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தூக்கச் சொல்வேன். மஞ்சள்தான் அடிக்கடி காணாமல் போகிறது.