குளிர்காலத்தில் கிரில் போடுகிறீர்களா?

வெளியே குளிர்கிறதே என்று கிரில் அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் இழுத்து வைக்காதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றும்போதுதான் உறைக்கும். அதற்குள் எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, பனியைச் சுரண்டிவிட்டுச் சமதரையில் வையுங்கள். தொங்கும் மஃப்ளரைக் கோட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். அடுப்பு சூடேற வழக்கத்தைவிட நேரமாகும், சரி, பொறுங்கள். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சூடெல்லாம் போய்விடும். கோழிக்கறி என்றால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும்.

அப்புறம் சாம்பல். மேலே வெளுத்து, ஆறியது போலவே இருக்கும். கிளறினால் அடியில் சிவப்பாகக் கங்கு. மூடி போட்ட இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே 2 நாள் கிடக்கட்டும்.